செம்பும் வலையும்: நியூலின் மீனவர் கிராமத்தின் உலோகக் கைவினையும் சமூக வாழ்வும் (1890 – 1939)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரித்தானியாவில் எழுச்சியுற்ற கலை – கைவினை இயக்கத்தைப் பற்றி எமது நாட்டில் உரையாடும்பொழுது ஆனந்த குமாரசுவாமியின் பெயரே முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. அவரது ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் 1908இல் இங்கிலாந்தின் புரோட் கம்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் மொறிஸ் தமது கெல்ம்ஸ்கொற் அச்சகத்தில் பயன்படுத்திய அதே அச்சு இயந்திரத்தில், ஆசிரியரின் நேரடி மேற்பார்வையில் அச்சாயிற்று என்பது ஆய்வாளர் அறிந்த செய்தி. அந்நூலுக்கான ஒளிப்படங்களை எடுத்த அவரது அன்றைய மனைவி எதெல், கைவினைக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். அவரது சகோதரர் பிரெட் பாட்ரிட்ஜ், சீ. ஆர். ஆஷ்பீ நிறுவிய கைவினைஞர் கழகத்தில் அணிகலன் செய்தவர்.

இவ்வாறு குமாரசுவாமி வழியாக எமக்கு அறிமுகமான அவ்வியக்கத்தை நாம் பெரும்பாலும் அதன் சிந்தனையாளர்களின் எழுத்துக்கள் மூலமே அறிந்துள்ளோம். உண்மையில் சுத்தியலைக் கையிலேந்தியவர் யாவர், அவர்கள் எத்தகைய சமூக உறவுகளுக்குள் வாழ்ந்தனர், கைவினை அவர்களது வாழ்வை எவ்வளவுக்கு மாற்றிற்று என்னும் வினாக்கள் மிகக் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. ஆஷ்பீயின் கழகத்திலிருந்து விலகிய ஓர் உலோகக் கலைஞர் சென்றடைந்த கடலோரக் கிராமமொன்றை இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்கிராமம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலே, கோர்ன்வால் மாவட்டத்தில், மவுண்ட்ஸ் குடாவின் கரையில், பென்சான்ஸ் நகரத்துக்கு அண்மையில் அமைந்துள்ள நியூலின்.

கோர்ன்வாலுக்கும் செம்புக்கும் உள்ள தொடர்பு பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகின் செப்புத் தாதுவிற் பெரும்பங்கு அம்மாவட்டத்தின் சுரங்கங்களிலிருந்தே வெளிவந்தது. எனினும் அத்தாதுவை உருக்குவதற்கு வேண்டிய நிலக்கரி அங்கு இல்லாமையால், தாது கப்பலேறிச் சவுத் வேல்ஸின் சுவான்சி நகருக்குச் சென்றது. மண் கோர்ன்வாலினது, உலையும் இலாபத்தின் கணிசமான பகுதியும் பிறருடையவை. 1866ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியும் செம்பின் விலைவீழ்ச்சியும் ஒருங்கே தாக்கியபோது சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளர் அவுஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவின் மிச்சிக்கனுக்கும் ஆயிரக்கணக்கில் புலம்பெயர்ந்தனர். செம்பு பூமிக்கடியிலிருந்து கோர்ன்வால் மக்களுக்குச் சோறு போட்ட காலம் முடிவுற்று ஒரு தலைமுறை கழிந்த பின்னரே, அதே செம்பு தகடாக உருமாறி நியூலின் மீனவரின் கைக்கு வந்தது. வரலாற்றின் இத்தகைய விநோதங்களை அக்கால எழுத்தாளர் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை.

நியூலின் மக்களின் வாழ்வு மீனின் பருவத்தையொட்டி இயங்கிற்று. இளவேனிற் காலத்தில் கானாங்கெளுத்தி. கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் மத்தியினத்தைச் சேர்ந்த பில்சாட். இடையே ஹெரிங் மீனைத் தேடி அயர்லாந்துக் கடலுக்கும் வட கடலுக்கும் நெடும்பயணம். பெண்களின் உழைப்பு இதில் எவ்விதத்திலும் குறைந்ததன்று. பில்சாட் மீனை உப்பிட்டு அடுக்குதல், வலை பின்னுதல், முதுகிற் கூடை சுமந்து ஊரூராக மீன் விற்றல் ஆகியன அவர்களது பணிகள். உப்பிட்ட பில்சாட் இத்தாலிக்கு ஏற்றுமதியாகிக் கத்தோலிக்கரின் விரதநாள் உணவாயிற்று. உறுதியான மெதடிஸ்த மக்களின் வருவாய் போப்பாண்டவரின் விரதக் கட்டளையிலே தங்கியிருந்தமை சுவையான முரண்பாடாகும்.

1859இல் தேமார் ஆற்றின் மீது பாலம் அமைந்து, புகையிரதப் பாதை கோர்ன்வாலை ஏனைய இங்கிலாந்தோடு இணைத்ததும் இப்பொருளாதாரம் மாறத் தொடங்கிற்று. புதிய மீனை விரைந்து இலண்டனின் பில்லிங்ஸ்கேற் சந்தைக்கு அனுப்ப முடிந்தது. பிடித்த மீனின் விலையை இலண்டன் தீர்மானிக்கலாயிற்று. மீனை ஏற்றிச் சென்ற அப்பாதையே ஓவியர்களையும் அழைத்து வந்தது. 1880களின் தொடக்கத்தில் வால்ற்றர் லாங்லியும், 1884இல் ஸ்டான்ஹோப் ஃபோர்ப்ஸும் நியூலினில் வந்து தங்கினர். பிரான்சின் பிரிற்றனி கடற்கரையில் திறந்தவெளியில் ஓவியம் தீட்டிப் பழகியவர்களுக்கு நியூலினின் ஒளியும் மலிவான வாழ்க்கைச் செலவும் ஏற்றனவாக இருந்தன. ஃபோர்ப்ஸின் ‘கோர்ன்வால் கரையில் மீன் ஏலம்’ 1885இல் இலண்டன் றோயல் அக்கடமியில் வைக்கப்பட்டுப் புகழீட்டியது. பிராங் பிராம்லியின் ‘நம்பிக்கையற்ற விடியல்’ 1888இல், கடலுக்குச் சென்றவன் திரும்பாத வீட்டின் துயரத்தை நடுத்தர வர்க்கத்தின் கண்முன் நிறுத்திற்று.

இவ்வோவியங்கள் உழைப்பாளர் வாழ்வைக் கலையின் மையத்துக்குக் கொணர்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓவியத்தில் மீனவன் மாதிரியாகவே நின்றான். அவனது முகம் அக்கடமியின் சுவரை அடைந்தது, அவனது பெயர் அடையவில்லை.

இப்பின்னணியிலேயே 1890ஆம் ஆண்டளவில் நியூலின் கைத்தொழில் வகுப்பு தோற்றம் பெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர் ஜோன் டிரூ மக்கென்சி (1861 – 1918) என்னும் ஓவியர். அவரோடு பேர்சி கிராஃப்ட், ரெஜினால்ட் டிக், தோமஸ் கூப்பர் கொற்ச் முதலிய ஓவியரும் ஒத்துழைத்தனர். பாராளுமன்ற உறுப்பினரான தோமஸ் பெட்ஃபோர்ட் பொலித்தோவின் ஆதரவும் கிடைத்தது. பொலித்தோ குடும்பம் வங்கி, வெள்ளீய உருக்காலை, மீன் வணிகம் என அவ்வட்டாரத்தின் செல்வ வாயில்கள் பலவற்றைத் தன்வசம் வைத்திருந்த குடும்பம் என்பதை இவ்விடத்திற் சுட்டிக்காட்டுதல் பொருத்தமாகும். புயலாலும் மீனின்மையாலும் கடலுக்குச் செல்லவியலாத நாட்களில் இளைஞர் வீணே பொழுதைக் கழிக்காது பயனுள்ள தொழிலில் ஈடுபடவேண்டும் என்பதே வகுப்பின் வெளிப்படையான நோக்கம். 1884இல் எக்லன்ரைன் லூயிசா ஜெப் நிறுவிய இல்லக் கலை – கைத்தொழிற் சங்கம் நாடெங்கும் கிராமங்களில் இத்தகைய வகுப்புக்களை ஊக்குவித்து வந்தது. இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் அது நடத்திய ஆண்டுக் கண்காட்சிகளில் நியூலின் பொருள்களும் இடம்பெற்றன.

மேற்கூறிய நோக்கத்தில் மேலோரின் சீர்திருத்த மனப்பான்மை வெளிப்படையாகவே தெரிகின்றது. மீனவனின் ஓய்வு ‘சோம்பல்’ எனக் கணிக்கப்படுகின்றது. அவனது வறுமைக்கு மீனின் விலையோ படகின் உடைமையோ காரணமாகக் கூறப்படாது, வெறுங்கையே காரணமாகக் கூறப்படுகின்றது. ஆனால் வகுப்பின் வரலாற்றை இதனோடு நிறுத்திக்கொள்வது தவறாகும். ஏனெனில் அங்கு உருவாகிய பொருள்கள் அந்நோக்கத்தை மீறிச் செல்கின்றன.

1892இல் ஜோன் பியர்சன் நியூலினுக்கு வந்தார். 1888இல் ஆஷ்பீ கிழக்கு இலண்டனின் வைற்சப்பல் பகுதியில் கைவினைஞர் கழகத்தைத் தொடங்கியபோது அதன் முதல் உறுப்பினருள் ஒருவராக இருந்து உலோக வேலையைக் கற்பித்தவர் அவர். கழகத்தோடு முரண்பட்டு விலகிய பின்னர் இக்கடற்கரையை அடைந்தார். தொழிலாளர் வர்க்கத்திலிருந்து எழுந்த இக்கலைஞரின் வருகை வகுப்பின் தன்மையையே மாற்றியது. மக்கென்சி வரைபவர், பியர்சன் தட்டுபவர். கைவினையைக் கற்பிப்பதற்கு இரண்டாமவர் இன்றியமையாதவர்.

அவர் கற்பித்த முறை எமது நாட்டுக் கன்னாருக்கும் பொற்கொல்லருக்கும் புதியதன்று. மெல்லிய செப்புத் தகட்டை ஈயக் கட்டியின் மீதோ கீற்படுகையின் மீதோ வைத்து, பின்புறத்திலிருந்து மழுங்கிய உளிகளால் தட்டி உருவத்தை முன்னே புடைத்தெழச் செய்வர். எமது கம்மாலைகளில் அரக்கு செய்யும் பணியை அங்கு கீல் செய்தது: தட்டும்போது இடங்கொடுக்கவும் வேண்டும், தகட்டை நழுவவிடாது தாங்கவும் வேண்டும். புடைத்த பின்னர் தகட்டைத் திருப்பி, முன்புறத்திலிருந்து நுண்ணுளிகளால் விளிம்பைத் தெளிவாக்கி, சிறு புள்ளிகளைப் பொறித்துப் பின்புலத்தை அழுத்துவர். தட்டத் தட்டச் செம்பு இறுகும். இறுகியதைத் தொடர்ந்து தட்டினால் வெடிக்கும். ஆதலால் இடையிடையே மங்கிய செந்நிறம் பெறும்வரை சூடாக்கி நீரில் அமிழ்த்தி, மீண்டும் மென்மையாக்குதல் வேண்டும். இரும்பு நீரில் அமிழ்த்த இறுகும், செம்பு இளகும். இதனைக் கையால் அறிந்தவனுக்கு விளக்கவேண்டியதில்லை. இணைப்புக்களை மடித்தும் ஆணி அறைந்தும் செய்தனர். விளிம்புகளை வளைத்துச் சுருட்டினர். சுத்தியலின் தடத்தை மறைக்கவில்லை.

தட்டுகள், தாம்பாளங்கள், மெழுகுதிரித் தாங்கிகள், நீர்க்குடுவைகள், கண்ணாடிச் சட்டங்கள் எனப் பல பொருள்கள் உருவாயின. வகுப்பின் சிறப்பு இப்பொருள்களின் வகையிலன்றி அவற்றின் மீது பொறிக்கப்பட்ட உருவங்களிலேயே உள்ளது. சுற்றியுள்ள இயற்கையிலிருந்து உருவங்களைப் பெறவேண்டும் என்பது மக்கென்சியின் கொள்கை. அவ்வாறே மீன், நண்டு, சிப்பி, கடற்பாசி, பாய்மரக் கப்பல் ஆகியவை தகட்டில் நீந்தின. பியர்சனின் சொந்தப் படைப்புக்களில் கற்பனை விலங்குகளும் பெருங் கப்பல்களும் மிகுதி. அவை இலண்டனில் அவர் பழகிய மரபைச் சேர்ந்தவை. மீனவ இளைஞரின் தட்டில் வரும் மீனோ வேறு வகையினது. உடல் வளையும் இடம், வால் திரும்பும் கணம், கூட்டமாகச் செல்லும்போது ஒன்றன்மேல் ஒன்று சாயும் ஒழுங்கு ஆகியவற்றை வலையில் ஆயிரமாயிரமாகக் கண்டவனே அறிவான். கலைப்பயிற்சி இல்லாதவர்கள் எனக் கருதப்பட்டோரின் தொழிலறிவே இங்கு கலையறிவாக மாற்றம் பெறுகின்றது. இக்கட்டுரையாளரின் கருத்தில், நியூலின் ஓவியர் மீனவரைப் பற்றித் தீட்டிய பல படங்களைவிட இச்சிறு தட்டுகள் மீனவர் வாழ்வுக்கு நெருக்கமானவை.

பெயர் பற்றிய வினா இங்கும் எழுகின்றது. பியர்சன் தமது படைப்பின் பின்புறத்தில் தமது பெயரையோ பெயரெழுத்தையோ ஆண்டையும் சேர்த்துப் பொறித்தார். வகுப்பின் பொருள்கள் பல குறியெதுவுமின்றியே வெளிவந்தன. பிற்காலத்தில் ‘நியூலின்’ என்னும் ஊர்ப்பெயர் மட்டும் முத்திரையாக இடப்பட்டது. இதனைச் சுரண்டலின் அடையாளமாக மட்டும் கொள்வதும், கூட்டுப் படைப்பின் பெருமையாக மட்டும் கொள்வதும் ஒருபக்கப் பார்வைகளாகும். வில்லியம் பெசாக், பிலிப் ஹொடர், ஜோன் கொற்றன், ஒபெட் நிக்கொல்ஸ் ஆகியோர் இவ்வகுப்பின் வழி வந்து தேர்ந்த கைவினைஞர்களாயினர். நிக்கொல்ஸ் பின்னர் தாமே தனித்துத் தொழில் நடத்தினார். பெண்பிள்ளைகளுக்குப் பூந்தையல் கற்பிக்கப்பட்டது. சுத்தியல் ஆண்களிடமே இருந்தது. ஊசியும் நூலும் பெண்ணுக்கு என்னும் பிரிவு, கடற்கரையிலே ஆணுக்குச் சமமாகச் சுமை சுமந்த பெண்களிடம் சென்று கூறப்பட்டமை மேலோரின் இல்லறக் கோட்பாடு கிராமத்தினுள் எவ்வாறு புகுந்தது என்பதைக் காட்டும்.

எமது சமூகத்தோடு ஒப்புநோக்கும்போது ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. இங்கு உலோகத் தொழில் சாதிவழி வரும் தொழில். கம்மாளர் குடும்பங்களின் உடைமையும் கட்டுப்பாடும் அதுவே. நியூலினில் அத்தொழில் வெளியிலிருந்து வந்த இருவரால் மீனவரிடம் கொண்டுவரப்பட்டது. ஆகவே அதற்கு மரபின் பாரமுமில்லை, பாதுகாப்புமில்லை. குமாரசுவாமி 1909இல் வெளியிட்ட ‘இந்தியக் கைவினைஞன்’ என்னும் நூலில் பரம்பரைத் தொழிற் குழுக்களின் உறுதியை வியந்து பேசுகின்றார். அந்நூலுக்கு முன்னுரை எழுதிய ஆஷ்பீயின் சொந்தக் கழகமோ, 1902இல் சிப்பிங் கம்டனுக்குக் குடிபெயர்ந்து, 1908ஆம் ஆண்டளவில் பொருளாதார நெருக்கடியால் கலைந்துவிட்டது. அவ்வியப்பின் பின்னணியில் இவ்வீழ்ச்சியும் உண்டு. பரம்பரைக் குழுவின் உறுதிக்குச் சாதியொடுக்குமுறை செலுத்திய விலையைக் குமாரசுவாமி போதிய அளவு கணக்கிடவில்லை என்பது தனியே ஆராயப்படவேண்டியது.

நியூலின் மக்கள் மேலோரின் அறிவுரைக்குத் தலையாட்டிய கூட்டத்தினரல்லர் என்பதற்கு 1896ஆம் ஆண்டு மே மாத நிகழ்ச்சிகள் சான்று. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள லோஸ்ற்றொஃப்ற் துறையின் படகுகள் பருவந்தோறும் மவுண்ட்ஸ் குடாவுக்கு வந்து கானாங்கெளுத்தி பிடித்தன. அப்படகுகள் ஞாயிற்றுக்கிழமையிலும் தொழில் செய்தன. மெதடிஸ்தரான நியூலின் மீனவர் ஓய்வுநாளில் வலை வீசுவதில்லை. திங்கட்கிழமை காலையில் லோஸ்ற்றொஃப்ற் படகுகளின் மீன் சந்தையை நிரப்ப, உள்ளூர் மீனின் விலை வீழ்ந்தது. மே 18ஆம் திகதி திங்கட்கிழமை காலையில் நியூலின் மீனவர் அப்படகுகளில் ஏறி ஏறத்தாழ 100,000 மீன்களைக் கடலில் வீசினர். துறைமுக வாயிலைச் சங்கிலியால் அடைத்தனர். மறுநாள் அயற்கிராமங்களான மவுஸ்ஹோல், போத்லெவன் ஆகியவற்றிலிருந்தும் செயின்ற் ஐவ்ஸிலிருந்தும் மீனவர் ஆதரவாகத் திரண்டனர். பொலிசாரால் நிலைமையைக் கட்டுப்படுத்த இயலாதுபோக, 300க்கு மேற்பட்ட போர்வீரரும் கடற்படைக் கப்பல்களும் வரவழைக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியை மதவெறியின் வெளிப்பாடு எனக் கூறுவோர் உளர். அது மேலோட்டமான விளக்கம். ஞாயிறு ஓய்வு என்பது மதக் கட்டளையாக இருந்த அதே வேளையில், உழைக்கும் நாட்களின் எண்ணிக்கையைக் கூட்டாக வரையறுக்கும் தொழிலாளர் உடன்பாடாகவும் தொழிற்பட்டது. எழுதப்பட்ட தொழிற்சங்க விதி இல்லாத இடத்தில் வேதாகமக் கட்டளையே அவ்விதியாயிற்று. அதனை மீறிய பெருமுதற் படகுகள் கடவுளை மட்டுமன்றி மீன்விலையையும் அவமதித்தன. மதம் மக்களின் மயக்கம் என்று சொல்லி விலகிவிடுவோர் இங்கே மதத்தின் உறைக்குள் இயங்கிய பொருளாதார விவேகத்தைக் காணத் தவறுவர்.

கைத்தொழில் வகுப்பின் சிறந்த ஆண்டுகளும் இக்கலகத்தின் ஆண்டுகளும் ஒன்றே. கலகத்துக்கு முந்திய ஆண்டாகிய 1895இல், கோர்ன்வாலிற் பிறந்து பத்திரிகை உடைமையாளராக உயர்ந்த பாஸ்மோர் எட்வேர்ட்ஸின் நன்கொடையால் நியூலினில் ஓவியக் கூடமொன்று திறக்கப்பட்டது. அதன் முகப்பில் நிலம், காற்று, நெருப்பு, நீர் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு செப்புப் புடைப்புத் தகடுகள் பதிக்கப்பட்டன. வரைந்தவர் மக்கென்சி, தட்டியவர் பிலிப் ஹொடர். கூடத்தின் உள்ளே ஓவியரின் படங்கள் வந்து, தொங்கி, விலைபோய், அகன்றன. வெளியே கடற்காற்றை எதிர்கொண்டு நிற்கும் தகடுகள் இன்றும் அதே இடத்தில் உள்ளன.

இருப்பினும் செம்பு வலைக்கு ஈடாகவில்லை. கைவினைப் பொருள் உழைப்பு மிகுந்தது, ஆதலால் விலை மிகுந்தது. வாங்கக்கூடியவர் நகரத்து நடுத்தர வர்க்கத்தினரும் கோடைகால விருந்தினருமே. மீனவ வீட்டின் அடுப்படியில் இத்தாம்பாளத்துக்கு இடமில்லை. இயந்திரத்தின் மலிவுப் பொருளை வெறுத்து எழுந்த இயக்கம், மலிவுப் பொருளை மட்டுமே வாங்கக்கூடிய உழைப்பாளருக்கு எதனைச் செய்ய முடியும் என்னும் வினா மொறிஸை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. நியூலினிலும் அதற்கு விடை கிடைக்கவில்லை. 1904இல் இலண்டனிலிருந்து பென்சான்ஸுக்கு விரைவுப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். செப்புப் பொருள் நினைவுப் பொருளாயிற்று. அயலூரான ஹேலில் தொழிற்சாலையொன்றும் இப்பாணியில் பொருள்களை உற்பத்தி செய்யலாயிற்று. உலகப்போர் வந்து இளைஞரையும் உலோகத்தையும் ஒருங்கே கொண்டுசென்றது. 1918இல் மக்கென்சி காலமானார். கொற்றன் முதலிய சிலர் போர்களுக்கிடைப்பட்ட காலத்தில் தொழிலைத் தொடர்ந்தனர். ஆயினும் வகுப்பு என்னும் நிறுவனத்தின் உயிர் அதனோடு ஒடுங்கிற்று. இன்று அப்பொருள்கள் பென்சான்ஸின் பென்லீ மாளிகை அரும்பொருளகத்திலும் சேகரிப்பாளரின் அலுமாரிகளிலும் உள்ளன.

1930களில் இக்கிராமம் மற்றொரு சோதனையை எதிர்நோக்கிற்று. ஓவியர் அழகெனக் கண்ட நெருக்கமான கல்வீடுகளையும் குறுகிய ஒழுங்கைகளையும் பென்சான்ஸ் நகரசபை சுகாதாரக் கேடான சேரி எனக் கண்டது. வீடுகளை இடித்து மக்களை மேட்டுநிலத்துப் புதிய குடியிருப்புக்கு அனுப்பும் திட்டம் உருவாயிற்று. இரு பார்வைகளும் வெளியாருடையவை என்பது கவனத்துக்குரியது. வீடுகளில் ஈரமும் நெருக்கமும் இருந்தன. அதனை மறைத்து அழகைப் பாடுவது நேர்மையன்று. ஆயின் அவ்வீடுகளின் கீழ்த்தளத்திலே வலையும் பாயும் இருந்தன. வாசலிலிருந்து படகைக் காண முடிந்தது. தொழிலிடமும் வாழிடமும் ஒன்றாயிருந்த அமைப்பை வாழிடமாக மட்டும் அளந்தது நகரசபையின் கோல்.

இம்முறை ஓவியரும் மீனவரும் ஒரே அணியில் நின்றனர். 1937 ஒக்ரோபரில் ‘றோஸ்பட்’ என்னும் மீன்பிடிப் படகு, நியூலின் மீனவரையும் அவர்களது மனுவையும் ஏற்றிக்கொண்டு, ஆங்கிலக் கால்வாய் வழியே தேம்ஸ் நதியிற் புகுந்து, வெஸ்ட்மினிஸ்ரரில் பாராளுமன்றத்தின் அருகே சென்று நின்றது. ஓவியங்களில் மௌனமாகக் கடலை நோக்கி நின்ற மீனவர் அன்று சுகாதார அமைச்சர் கிங்ஸ்லி வூட்டின் முன்னிலையில் தமது வீடுகளைப் பற்றித் தாமே பேசினர். பட்டியலில் இருந்த வீடுகளிற் சில தப்பின, பல இடிக்கப்பட்டன. குடும்பங்கள் மேட்டிலுள்ள குவாவஸ் குடியிருப்புக்குச் சென்றன. 1939இல் போர் மூண்டபோது எஞ்சிய இடிப்புவேலையும் நின்றுபோயிற்று.